கலியாணத்துக்கு வந்த காடு

1979 செப்டெம்பர் 13ஆம் திகதி வியாழக்கிழமை, பின்னேர அஸர் தொழுகைக்குச் சற்று முன்பு, கஞ்சிகுடிச்சாற்றுக் காட்டிலிருந்து ஏறக்குறைய இரண்டு ஏக்கர் நிந்தவூருக்குக் கலியாணத்துக்கு வந்து சேர்ந்தது. வந்ததைப் பற்றி ஊரில் யாரும் பெரிதாகக் குறை சொல்லவில்லை. ஒரு நாள் முந்தி வந்ததுதான் சிலருக்குப் பிடிக்கவில்லை. அழைப்பு வெள்ளிக்கிழமைக்குத்தான் சொல்லப்பட்டிருந்தது. இரண்டு ஏக்கர் என்பது கண்ணளவு. பிறகு கயிறு பிடித்து அளந்தவர்கள் இரண்டரை என்றார்கள், ஆனால் அவர்கள் அளந்தது அது சாப்பிட்ட பிறகு.

அழைத்தவர் ஜவுபர். மாட்டுவண்டி வைத்திருந்தவர், நல்ல குரல் உள்ளவர். இந்தப் பக்கத்தில் எத்தனை அட்டை அச்சடித்துக் கொடுத்தாலும் ஓர் ஆள் வாசலில் வந்து நின்று வாயால் சொன்னால்தான் அது அழைப்பு. சொந்தக்காரர்களின் கலியாணங்களுக்கெல்லாம் இருபத்திரண்டு வருடமாக அப்படிச் சொல்லி வந்தவர் ஜவுபர்தான். வசனம் மாறுவதில்லை. நாளைச் சொல்வார், நேரத்தைச் சொல்வார், கடைசியில், "ஊட்டோட வாங்க, ஒருத்தரையும் உட்டுட்டு வராதீங்க" என்று முடிப்பார். பயம் வந்தால் அவர் வாயில் வேறு எதுவும் வராது. ஒரு முறை பல் பிடுங்கப் போன இடத்தில், குறடு கண்ணில் பட்டதும், இல்லாத ஒரு கலியாணத்துக்கு டாக்குத்தரை அழைத்துவிட்டார். டாக்குத்தர் மனைவி மக்களோடு பரிசுப் பொருளும் கொண்டு வந்து, கலியாண வீட்டைத் தேடி இரண்டு தெருக்கள் அலைந்துவிட்டுப் போனார்.

இப்போது நடக்க இருந்தது ஜவுபரின் சொந்த மகள் நதீராவின் கலியாணம். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். இது எல்லோருக்கும் உள்ள வழக்கம். ஜவுபர் வீட்டைக் கட்டி முடித்தது 1978 நவம்பரின் நடுவில். இருபத்து மூன்றாம் திகதி சூறாவளி வந்தது. சுவர்கள் நின்றன, கூரை போய்விட்டது. ஓடுகளில் பாதியைத் தென்னந்தோப்புகளில் பொறுக்கி எடுத்தார்கள், ஒன்று மட்டும் சம்மாந்துறையில் ஒரு கிணற்றுக்குள் உடையாமல் கிடந்தது. கூரையைத் தாங்கும் வளையும் கைமரமும்தான் கிடைக்கவே இல்லை. கரையோரம் முழுவதும் கூரையில்லாத ஊர்களாக இருந்தபடியால் மரம் விற்கும் மரக்காலைகளில் பெயர் பதிந்தவர்கள் பத்து மாதமாகக் காத்திருந்தார்கள்.

மாப்பிள்ளை ஜெமீலின் தாய் சபியா உம்மா காத்திருக்கிற ஆள் அல்ல. அவருக்கும் கடைசியில் சித்தி லைலா என்று பத்து வயதுப் பெண் பிள்ளை ஒன்று இருந்தது. ஆனால் அன்று அவர் மாப்பிள்ளையின் தாயாக மட்டுமே கதைத்தார். "கூர இல்லாத ஊட்டுக்கு என்ர மகன அனுப்ப ஏலா. நட்சத்திரம் எண்ணவா அவன் கலியாணம் முடிக்கிற?" நோன்புப் பெருநாள் கழிந்து மூன்றாவது வெள்ளிக்கிழமை லுஹர் என்ற மத்தியானத் தொழுகைக்குள் கூரை, இல்லாவிட்டால் ஒலுவிலில் வேறு பெண். நதீரா கூரை இல்லாத வீட்டின் யன்னல்களுக்குத் திரை தைத்து மாட்டினாள்.

ஆகவே செப்டெம்பர் மூன்றாம் திகதி திங்கட்கிழமை ஜவுபர் காட்டுக்குப் புறப்பட்டார். அனுமதிப்பத்திரம் என்பது திரும்பி வந்து எடுத்துக்கொள்ள இருந்த ஒன்று. கூடப் போனவர்கள் இருவர்: மனைவி ஹாஜறாவின் தம்பி மீராசாஹிபு, மரம் அரிவது அவர் தொழில், காடு தெரிந்தவரான சொறிக்கல்முனை வேலப்போடி. வண்டியில் கோடரி, வாள், கயிறு, அரிசி, கருவாடு, ஒரு சட்டி ஏற்றப்பட்டன. ஜவுபர் தன் பங்குக்கு ஒரு தலையணையும், ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் சஹன் ஒன்றும் கொண்டு வந்தார். இலையில் போட்டுத் தின்ன நான் என்ன ஆடா என்பது அவர் நியாயம்.

இரண்டு நாள் வண்டிப் பயணத்தின் பிறகு, காய்ந்த ஆற்றின் ஓரத்தில் நான்கு கம்பு நட்டு, குழை வேய்ந்து வாடி போட்டார்கள். மணலில் முழங்கை ஆழம் தோண்டினால் ஊறும் தண்ணீரைச் சிரட்டையால் அள்ளி, இடுப்பில் கட்டும் சாரன் துணியில் வடித்துக் குடித்தார்கள். யாருடைய சாரன் என்பதில் முதல் நாளே சண்டை வந்தது. படுப்பதற்குப் பரண் கட்டினார்கள். அது ஜவுபரின் தலையணை ஏறியதும் ஒரு பக்கம் சரிந்து, கடைசிவரை சரிந்தபடியே இருந்தது. மீராசாஹிபுவை உண்ணி கடித்த இடங்கள் பற்றி இருவர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். இரண்டும் எழுதத் தகுந்தவை அல்ல.

வேலப்போடி காட்டு வாசலில் காட்டுத் தெய்வத்துக்கென ஒரு கொப்பை முறித்துத் தொங்கவிட்டு, மற்ற இருவருக்கும் விதிகளைச் சொன்னார். யானையின் பெயரை வாயால் சொல்லக் கூடாது, பெரியவர் என்றுதான் சொல்ல வேண்டும். எதிரில் வந்தால் ஓடக் கூடாது. "மரியாதையா என்னவும் கதைங்க. ஏச மட்டும் வேணாம்." இரண்டு நாளில் வளைக்கு மூன்று மரமும் கைமரத்துக்கு இருபத்து நான்கும் பார்த்துச் சுண்ணாம்புக் குறி போட்டார்கள். சனிக்கிழமை காலையில் வெட்டத் தொடங்குவது என்று முடிவாயிற்று.

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு, தேயிலைத் தண்ணி கொதித்துக்கொண்டிருந்தபோது, பெரியவர் வாடிக்கு முன்னால் வந்து நின்றார். ஏழு மணி என்பவர்களும் உண்டு. மூவரிடமும் கடிகாரம் இல்லாததால் ஏழரை என்று வைத்துக்கொள்வதில் பிழையில்லை. ஜவுபர்தான் ஆக முன்னால் இருந்தார், கையில் சீனிப் போத்தலோடு. மரியாதையாக ஏதாவது சொல்ல வேண்டும் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. வாய் திறந்தது. வாற வெள்ளிக்கிழமை லுஹருக்குப் பிறகு, நிந்தவூரில், மகள் நதீராவுக்குக் கலியாணம் என்று தெளிவாக, இராகம் பிசகாமல் சொன்னார். "ஊட்டோட வாங்க, ஒருத்தரையும் உட்டுட்டு வராதீங்க." பெரியவர் முழுவதையும் கேட்டார். பிறகு, அழைப்புச் சொல்லப்பட்டவர்கள் வழமையாகச் செய்வதுபோல, தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

"காக்கா, என்ன வேல பாத்தீங்க?" என்றார், ஜவுபரை அண்ணன் முறையில் காக்கா என்றே கூப்பிடும் வேலப்போடி.

"சும்மா மரியாதைக்குச் சொன்னன், போடியார்."

"மரியாதைக்குச் சொன்னாலும் சொன்னதுதானே. வீட்டோட எண்டு வேற சொல்லிப்போட்டீங்க. இந்தக் காடு முழுக்க அவர்ர வீடு."

மீராசாஹிபு கோடரியை எடுத்தார். "சரி, வாற ஆக்கள் வரட்டும். நாம மரத்த வெட்டுவம் மச்சான்."

"கலியாணத்துக்குச் சொன்ன ஆள வெட்டுறதா?" என்று கேட்டார் வேலப்போடி.

பள்ளிவாசலில் மௌலவி சொல்லும் எதையும் இரண்டு தரம் திருப்பிக் கேட்கிற மீராசாஹிபு கூடக் கோடரியைக் கீழே வைத்தார். வெறும் வண்டி, ஒரு சஹன், ஒரு தலையணையோடு செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தார்கள்.

"எட்டு நாளாக் காட்டுல கிடந்து என்னத்தக் கொண்டு வந்திரிக்கிங்க?" என்று ஹாஜறா வேலிப் படலையிலேயே கேட்டார்.

"கலியாணத்துக்கு ஆள் சொல்லிப்போட்டு வந்திரிக்கன்."

"எத்தின சஹன் வைக்கணும்?"

"எண்ண ஏலா."

ஹாஜறா தம்பியைக் கூப்பிட்டு இன்னும் நான்கு மூட்டை அரிசிக்கு ஆளனுப்பச் சொன்னார். நதீரா மட்டும், "வந்தாத்தான் என்ன வாப்பா, கூர வருமா?" என்று கேட்டாள். ஜவுபர் அன்றிரவு சாப்பிடவில்லை. புதன்கிழமை சபியா உம்மா ஒலுவிலுக்குப் போய்வந்தார் என்ற செய்தி மூன்று வீடுகளால் சுற்றி வந்து சேர்ந்தது.

வியாழக்கிழமை களியோடைப் பாலத்தடியில் அக்கரைப்பற்று பஸ் முக்கால் மணித்தியாலம் நின்றது. காடு பாலத்தால் வரவில்லை. சூறாவளியில் ஆடிப்போன பாலம் என்பதை மதித்து, வேர்களைச் சாரனைப்போலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிக் கடந்தது. முதிரை, பாலை மரங்கள் முன்னால், வீரையும் விளாவும் பின்னால், பெரியவரும் அவர் குடும்பமும் நடுவில். குரங்குகள் பஸ்ஸின் கூரையில் வந்தன, ரிக்கட் எடுத்ததாகத் தெரியவில்லை. பன்றிகளும் வந்திருந்தன, ஊட்டோட என்று சொன்னபடியால் அவற்றைக் குற்றம் சொல்ல முடியாது. அவை தெரு முனைக்கு அப்பால் வராமல் தாமாகவே ஒதுங்கி நின்றன. வேலப்போடி, "இவங்க என்ர பக்கத்து ஆக்கள் எண்டு வைங்க" என்று வயலோரம் கூட்டிப்போய் மரவள்ளிக் கிழங்கு கொடுத்தார்.

வாசலில் இரண்டு ஏக்கர் காடு நிற்கிறது. ஜவுபருக்கு முதல் முறையாக வாயில் எந்த வசனமும் வரவில்லை. ஹாஜறா முந்தானையால் தலையை மூடிக்கொண்டு வெளியே வந்தார். கலியாணத்துக்கு முதல் நாள் வருகிறவர்கள் நெருங்கிய சொந்தக்காரர்கள், அவர்கள் வருவது வேலை செய்ய.

"முந்தின நாள் வந்த ஆக்கள சும்மா நிக்க உட்டா மறுகா குறை சொல்லுவாங்க" என்றார். பெரியவரைத் தண்ணி அள்ள விட்டார். குரங்குகளிடம் வெங்காயம் உரிக்கக் கொடுத்தார். மூன்றில் ஒன்று காணாமல் போனது, மனிதர்கள் உரித்தாலும் அவ்வளவுதான். பிறகு, முதுகில் சுண்ணாம்புக் குறியோடு வெட்கப்பட்டு நின்ற இருபத்தேழு மரங்களையும் பார்த்து, "நீங்க இந்த ஊட்டச் சுத்தி நில்லுங்க. கொஞ்சம் குனிஞ்சி, கையக் கோத்துப் பிடிங்க" என்றார். பொழுதுபட்டு மஃரிபு தொழ முதல் கோத்துப் பிடித்தாயிற்று.

வெள்ளிக்கிழமை காலையில் வன இலாகா உத்தியோகத்தர் கனகரெத்தினம் ஜீப்பில் வந்தார். காட்டில் இரண்டு ஏக்கர் வெறுமையாகக் கிடந்ததைக் கண்டு தடம் பிடித்து வந்தவர். ஒவ்வொரு மரத்தையும் சுற்றி வந்தார், வேரைக் குனிந்து பார்த்தார், கோடரி பட்ட இடம் தேடினார். மத்தியானம் ஆட்டிறைச்சியோடு சாப்பிட்டு, கை கழுவி, அறிக்கை எழுதினார்: "மரம் எதுவும் வெட்டப்படவில்லை. வேர்கள் முழுமையாக உள்ளன. அழைப்பின் பேரில் வந்துள்ளது."

லுஹருக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். சபியா உம்மா மகனைப் படலையில் நிறுத்திவிட்டு முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"ஓடு எங்க?"

"அந்தா அடுக்கிக் கிடக்கு" என்றார் ஹாஜறா.

"அப்ப மேல கிடக்கிறது என்ன?"

"சொந்தக்காரர்."

சபியா உம்மா பதில் சொல்ல வாயெடுத்தபோது மழை வந்தது. செப்டெம்பரில் அப்படியொரு மழை அதற்கு முன் பெய்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. பந்தல் ஒழுகியது, சஹன்களில் தண்ணீர் நின்றது, மௌலவி கலியாணம் பதியும் கொப்பியை ஜிப்பாவுக்குள் வைத்துக்கொண்டு ஓடினார். யன்னல் திரைக்குப் பின்னால் நதீரா கலியாணச் சேலையில் ஒரு துளி ஈரமும் இல்லாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முற்றத்தில் நின்ற சபியா உம்மா மட்டும் முழுவதாக நனைந்தார். கொஞ்ச நேரம் நனைந்து பார்த்தார். பிறகு படலைப் பக்கம் திரும்பி, "மனே, உள்ளுக்குப் போ" என்றார்.

கலியாணம் முடிந்து விலங்குகளில் பெரும்பாலானவை மூன்று நாளில் போய்விட்டன. மரங்கள் போகவில்லை. போய்வருகிறோம் என்று அவை சொல்லவில்லை, எப்போது போகிறீர்கள் என்று விருந்தாளியைக் கேட்கும் பழக்கம் இங்கு இல்லை. ஓடுகளில் ஜவுபர் கோழிக்கூடு கட்டினார். நதீராவுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தன, மூன்றும் நடக்க முதல் ஏறப் பழகின. தபால்காரர் கடிதங்களைப் பாலை மரத்துப் பொந்தில் போட்டார். 1985இல் கலவரங்களால் வீதி அடிக்கடி மூடப்பட்டு, பக்கத்துப் பக்கத்துத் தமிழ், முஸ்லிம் ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் போன மாதங்களிலும், வேலப்போடி தயிர்ச் சட்டியோடு நதீராவின் பின்கதவால் வந்தார். எந்த வழியால் வந்தீர்கள் என்று கேட்டால், "ஏன், காட்டு வழிதான்" என்றார்.

1987இல் சித்தி லைலாவுக்குக் கலியாணம் சரிவந்தது. சபியா உம்மா மகளுக்குச் சுவர் எழுப்பி முடித்திருந்தார், மரக்காலையில் பெயரும் பதிந்திருந்தார். ஒருநாள் அஸருக்குப் பிறகு அவர் நதீராவின் வேலியடிக்கு வந்து, தலையில் முக்காட்டைச் சரிசெய்தார். மரியாதைக்கு ஜவுபர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழும்பினார்.

"நீங்க இரிங்க. நானே சொல்றன்" என்றார் சபியா உம்மா. பிறகு மரங்களை நிமிர்ந்து பார்த்து நாளைச் சொன்னார், நேரத்தைச் சொன்னார். "ஊட்டோட வாங்க, ஒருத்தரையும் உட்டுட்டு வராதீங்க" என்றார். இரண்டடி போனவர் திரும்பி வந்து, "முந்தின நாளே வாங்க" என்றும் சொன்னார்.

வீட்டுக்குப் போனதும், மரக்காலையில் பதிந்த கைமரம் வேண்டாமென்று ஆளனுப்பினார்.