உறுதியாக இருந்தாள்

“யாருமே இல்லாத மாதிரி இருக்கு, ஆஸ்முண்ட்” என்றாள் ஓட்னி. மருத்துவமனைக் கட்டிலில் அவளுக்கு அது மூன்றாவது வாரம். வடநார்வேயின் நவம்பர், மதியம் இரண்டு மணிக்கே ஜன்னலில் வெளிச்சம் கரையத் தொடங்கியிருந்தது.

யாரைச் சொல்கிறாள் என்று அவள் கணவர் ஆஸ்முண்டுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. கல்யாணமான நாற்பத்தொரு வருடத்தில் ஒரு ஞாயிறும் சர்ச்சுக்குப் போகத் தவறாதவள். இரண்டாவது பிள்ளை பிறந்த நான்காம் நாளே இறந்தபோது, அது கர்த்தரிடம்தான் இருக்கிறது என்று சொல்லி எழுந்து, ஆடுகளுக்கு வைக்கோல் போடப் போனவள். படகு இன்ஜின் பழுதுபார்க்கும் அவருக்கோ, கையில் பிடிபடாத எதன்மேலும் நம்பிக்கை கிடையாது. “உன் ஆள் எப்படி இருக்காரு?” என்று சர்ச்சிலிருந்து திரும்புகிறவளைக் கேலி செய்வார். “உன்னைத்தான் விசாரிச்சாரு” என்பாள்.

“கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கேன். பதிலே இல்ல. நீ சொன்னதுதான் சரியோ?”

வாழ்நாளெல்லாம் அவர் ஜெயிக்க நினைத்த வாதம். ஆனால் அவள் முகத்தில் இருந்தது சாவு பயம் அல்ல. அந்தக் குழந்தையை இரண்டாம் முறை பறிகொடுத்தவளின் முகம் அது.

“நான் சொன்னதெல்லாம் வெறும் வாய்ச்சவடால்” என்றார். கட்டிலருகே குனிந்து கைகளைக் கோத்து, தனக்குத் தெரிந்த ஒரே ஜெபத்தைச் சொன்னார்.

மூடியிருந்த கண்ணை ஓட்னி திறந்தாள். “மக்கு. அது சாப்பாட்டு ஜெபம்.”

“வேற தெரியாதே.”

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது. “நீ நம்புறியா?”

“நம்புறேன்.”

வெகுநேரம் அவரையே பார்த்தாள். அதை நம்பினாளா, பொய்யென்று தெரிந்து மன்னித்தாளா, அவருக்குத் தெரியவில்லை. “சரி, இன்னொரு தடவை சொல்லு” என்றாள்.

வியாழக்கிழமை போய்விட்டாள்.

அடக்க ஆராதனைக்கு முன் போதகர் சீவ் அவர் வீட்டுக்கு வந்தார். “கடைசியில எப்படி இருந்தாங்க?”

“உறுதியா இருந்தா.”

அந்த வார்த்தை பிரசங்கத்தில் மூன்று முறை வந்தது. ஒவ்வொரு முறையும் ஆஸ்முண்ட் தன் காலணிகளைப் பார்த்துக்கொண்டார்.

கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் கலைந்ததும், பக்கத்துப் பண்ணை போர்ஹில்ட் வந்து அவர் கையைப் பிடித்தாள்.

“எனக்கும் அதே வியாதிதான். போன மாசம்தான் சொன்னாங்க. ஓட்னி மாதிரி போயிடணும், அவ்வளவுதான். அவ பயப்படவே இல்லைல்ல?”

ஆஸ்முண்ட் தன் முழங்கையை அவள் பக்கம் நீட்டினார். மூச்சு வெள்ளையாகப் புகைந்தது.

“பிடிச்சுக்கோ, வழுக்குது” என்றார்.

பாதை முழுக்கப் பனி உறைந்து கண்ணாடியாய்க் கிடந்தது. போர்ஹில்ட் தன் முழுப் பாரத்தையும் அவர் கைமேல் போட்டு, ஒவ்வொரு அடியாக இறங்கினாள்.