விலைத்திரையில் ஒரு கை

மாசி மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை, யாழ்ப்பாண நகரத்துப் பங்குத் தரகர் அலுவலகத்தின் விலைத்திரையிலிருந்து ஒரு கை வெளியே வந்து, விழப்போன விலைகளைத் தூக்கிவிட்டது. வலது கை. மணிக்கட்டில் அயன் செய்த வெள்ளைச் சட்டை தெரிந்தது. அன்று குருநகரில் விளைமீன் கிலோ ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.

அதன்பின் விலை தளர்ந்த நாளெல்லாம் கை வந்தது. எல்லா வங்கிகளுக்கும் மேலே இருக்கும் வங்கியின் கை அது என்றார்கள். அந்த வங்கி ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. குருநகர் மீன்காரப் பெண்களுக்கு இதில் புதுமை இல்லை. மீன் ஏலத்தில் விலை இறங்கினால் வள்ளச் சொந்தக்காரரின் ஆள் ஒருவன் கூட்டத்தில் நின்று ஏற்றிக் கேட்பான். மேலே யாரும் கேட்காவிட்டால் மீனை அவனே எடுத்தாக வேண்டும். அது கரையின் ஒழுங்கு. "உதுவும் அப்பிடித்தான். ஏத்திக் கேட்டவன் விட்டிட்டு ஓடேலாது" என்றாள் மீன் வியாபாரி றோஸ். புது வள்ளத்துக்கென்று அவளும் கணவன் ஜெரிசனும் சேர்த்த காசு கையிலிருந்தது. அண்ணன் கனிசியஸ் அந்த வங்கியில்தான் வேலை பார்த்தான். தொலைபேசியில் கேட்டாள்.

"அண்ணை, உந்தக் கை உங்கடை ஆக்களின்ரையோ?"

"வேலையைப் பற்றிக் கதைக்கேலாது, தங்கச்சி."

"சரி, கதைக்காதேங்கோ. பங்கு வாங்கட்டோ?"

அவன் சற்று இருமினான். "வாங்கு."

வாங்கினாள். மீன் விற்று முடிந்ததும் போய் அலுவலகக் கண்ணாடிக்கு வெளியே நின்று கையைப் பார்ப்பாள். ஆடி மாதத்தில்தான் அந்தக் கையின் மோதிர விரலை அடையாளம் கண்டாள். சிறுவயதில் கெளிற்று மீனின் முள் குத்திக் கோணிப்போன விரல், அவளுடைய அண்ணனின் விரல். ஒருவரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஜெபத்தில் ஆண்டவரின் கை என்று வரும்போதெல்லாம் அந்தக் கோணல் விரலே மனதில் வந்தது. சங்கிலியையும் விற்று இன்னும் வாங்கினாள்.

புரட்டாதியில் ஒரு திங்கட்கிழமை கை வரவில்லை. விலைகள் விழுந்தன. மத்தியானத்துக்குள் அவள் போட்ட காசில் வள்ளத்தின் விலை போனது, பிறகு எஞ்சினின் விலை போனது, கடைசியில் ஒரு துடுப்பின் விலை மிஞ்சியது.

"உங்கடை பங்குகளை வித்திட்டியளோ, அண்ணை?" என்று தொலைபேசியில் கேட்டாள்.

"ஓம். போன கிழமை."

"எனக்கொரு சொல்லுச் சொல்லேலாதோ?"

"சொன்னா வேலை போயிடும்."

"வாங்கு எண்டு சொல்லேக்கை போகேல்லையோ?"

ஜெரிசன் பழைய வள்ளத்தின் ஓட்டையை அடைத்தான். கை விட்டதைவிட, அது தூக்கிப் பிடித்திருந்த மாதங்கள்தான் றோஸைச் சுட்டன. தன் கெட்டித்தனம் என்று அவள் மகிழ்ந்த ஒவ்வொரு நாளையும் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. அண்ணனோடு கழிந்த சிறுவயது நாட்களும் அவற்றோடு சேர்ந்து வந்தன.

நத்தார்ப் பண்டிகைக்குக் கனிசியஸ் வந்தான். வலது சட்டைக் கையின் முனை வெறுமையாகத் தொங்கியது. கை கொழும்பில் வேறொரு திரையில் நிற்கிறது, அதற்கு லீவு கிடைக்கவில்லை என்றான். வீட்டில் எவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. இடது கையால் சாப்பிட உட்கார்ந்தான். றோஸ் மீனில் முள் மிகுந்த துண்டாகப் பார்த்து அவன் சோற்றுக் கோப்பையில் வைத்தாள்.

"முள்ளை எடுத்துத் தாவன், தங்கச்சி."

அவள் மற்றவர்களுக்குச் சோறு போடப் போனாள். எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவிய பின்னும் அவன் இடது கையால் முள் எடுத்துக்கொண்டிருந்தான்.