நெற்றியில் ஒரு வெள்ளை வட்டம்

கண்டியில் விலங்கியல் படிப்பிக்கும் சரோஜினிதேவிக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, நண்டின் வெற்று ஓட்டைப் பார்த்துச் செத்த நண்டா என்று கேட்ட பிள்ளையைப் பிடிபிடியென்று பிடித்தாள். நமக்கு எலும்பு உள்ளே. உடம்போடு சேர்ந்து தானும் வளரும். நண்டுக்கு அது வெளியே, வளராது. இறுகினால் கழற்றிவிட்டு வெளியே வரவேண்டியதுதான். வந்த நண்டு சில நாள் மெத்தென்று இருக்கும், கல்லிடுக்கை விட்டு அசையாது. இத்தனையும் ஒரே மூச்சில் சொன்னவள், புதுத் தோல் பழைய ஓட்டுக்கு அடியிலேயே அதே முள்ளும் அதே மேடுபள்ளமுமாய் உருவாகிவிடும் என்பதையும் கரும்பலகையில் எழுதி அடிக்கோடு போட்டாள்.

மறுநாள் மத்தியானம் கண்டிக்குப் பக்கத்துப் பிலிமத்தலாவையில் தமிழரின் கடைகள் எரிந்தன. அவள் குடியிருந்தது அந்த ஊரில்தான், ஜவாஹிர் முதலாளி வீட்டு மேல்மாடியில். புருஷனுக்கு யாழ்ப்பாணத்தில் உத்தியோகம். தமிழரை வீடு வீடாகத் தேடி வருகிறார்கள் என்று ஜவாஹிர் ஓடிவந்து சொன்னதும், அவருடைய மனைவி றலியா இவளைக் கீழே இழுத்து வந்தாள். தாலி அரிசிப் பானைக்குள் போனது. பொட்டைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். றலியாவின் சேலையும் முக்காடும் போட்டாயிற்று. கேட்டால் ஜவாஹிரின் தங்கை. கழற்ற வேண்டியதெல்லாம் கழற்றியாயிற்று, இனிக் கல்லிடுக்கில் கிடப்பதுதான் மிச்சம் என்று சரோஜினிதேவி நினைத்தாள்.

றலியா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நெத்தில வெள்ளையா ஒரு வட்டம் ஈக்கிது, டீச்சர்."

பதின்மூன்று வருஷம் வெயில் படாத இடம், பொட்டு வைத்த மாதிரியே இருந்தது. அடிக்கோடு போட்டவளுக்கே அது தோன்றவில்லை, என்ன படிப்போ! வாசற்கதவு இடிபட்டது. முக்காட்டைப் புருவம் வரை இழுத்தால் சந்தேகம் வரும். றலியா சுக்கை அம்மியில் உரைத்து, நெற்றி முழுக்கப் பற்றாக அப்பினாள்.

நாலு பேர் வந்தார்கள். தங்கச்சிக்குத் தலையிடி என்று ஜவாஹிர் சிங்களத்தில் சொன்னார். பெற்றோல் போத்தல் வைத்திருந்தவன் கிட்ட வந்து குனிந்து பார்த்தான். சுக்கு எரித்து அவள் கண்களில் நீர் வழிந்தது. கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் குடிக்கக் கொடுங்கள் என்று அக்கறையாகச் சொல்லிவிட்டு, அவன் அடுத்த வீட்டுக்குப் போனான்.

பள்ளிக்கூடம் மறுபடி திறந்த பிறகு தாலியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, பொட்டில்லாமலே பஸ்ஸில் போய்வந்தாள். இரண்டு மாதம் அப்படியே போயிற்று. ஒரு நாள் காலை றலியா அவள் முகத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள்.

"இப்ப அடையாளமே இல்ல, டீச்சர். இனிப் பயமில்ல."

சரோஜினிதேவி மாடிக்கு ஓடிப்போய்க் கண்ணாடியில் பார்த்தாள். நெற்றி ஒரே நிறமாக இருந்தது. கடைகள் எரிந்த அன்றைக்குக்கூட அழாதவள், அலுமாரிக்கு முன்னால் குந்தியிருந்து வாய்விட்டு அழுதாள்.