தவிலுக்குப் பக்கத்தில் ஓர் இடம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில் பாதைக்குப் பின்னால் இருந்த பலகை வீட்டில் மூன்று இலை போட்டிருந்தது. கன்னையா குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரே அவர் மனைவியின் தம்பி ராதாகிருஷ்ணன். அவன் பக்கத்தில் அவனோடு துணிக்கடையில் வேலை பார்க்கும் சிநேகிதன். சீதாலெட்சுமி பரிமாறினாள். மகள் ரமணி அப்பளத் தட்டோடு நின்றாள்.

ராதாகிருஷ்ணன் சிநேகிதனைப் பார்த்துக் கண்ணடித்தான். பிறகு கன்னையாவின் தோளைத் தட்டி, முகம் நிறையச் சிரிப்போடு, ரொம்ப மரியாதையாகக் கேட்டான்.

“மச்சான், செலாயாங் பக்கம் ஒங்க ஜாடையில ஒரு எருமை மேயுதாம். ஒங்களுக்கு அண்ணனா, தம்பியா?”

கன்னையா அவன் முகத்தைப் பார்த்தார். அவரும் சிரித்தார். “ஆமா மச்சான், ஆமா,” என்று வீடு அதிரச் சொன்னார். காது போனவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது.

சிநேகிதனுக்குப் புரையேறிவிட்டது. ரமணி தட்டு ஆடும்படி சிரித்தாள். “போதும்டா, அந்தப் பையனுக்குச் சோறு எறங்கட்டும்,” என்றாள் சீதாலெட்சுமி. அவளும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

இது அந்த வீட்டு விளையாட்டு. யார் வந்தாலும் ஒரு தடவை நடக்கும். சிரித்த முகத்தோடு எதைச் சொன்னாலும் கன்னையா சிரித்துத் தலையாட்டுவார். அதுதான் வேடிக்கை.

கன்னையாவுக்கு நாற்பத்தேழு வயது. பதினெட்டு வயதில் செந்தூலில் ஒரு பாய்லர் பட்டறையில் சேர்ந்தவர். ஈயச் சுரங்கங்களுக்குப் பெரிய பெரிய பாய்லர் செய்கிற இடம். வெளியே இரண்டு பேர் தகடுகளை இணைக்கும் ஆணியைச் சம்மட்டியால் அடிப்பார்கள். உள்ளே ஒருவன் முடங்கி உட்கார்ந்து, அடிக்கிற ஆணிக்கு இரும்புக் கட்டியால் அண்டை கொடுக்க வேண்டும். அந்த உள் ஆள்தான் கன்னையா. இடியை ஒரு குடத்துக்குள் அடைத்து அதில் தலையை விட்டுக்கொண்டால் எப்படியிருக்கும்? அவருக்கு இருபது வருஷம் அப்படி இருந்தது. பிறகு காது முழுவதும் அடங்கிப்போயிற்று. அடங்கி ஒன்பது வருஷம் ஆகிறது.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. அந்தச் சத்தத்தில் காது உள்ளவனும் செவிடன்தான். அதனால் அங்கே எல்லோரும் குரலில்லாமல் உதட்டாலேயே பேசிக்கொள்வார்கள். பழகிய ஆள் முப்பதடி தள்ளி நிற்பவனோடு ஊர்க்கதை பேசுவான். வெள்ளைக்கார முதலாளி துவானுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துவானையே வைவான். ஆகவே, காது போனபோது கன்னையாவிடமிருந்து சத்தம்தான் போயிற்று. முகம் தெரிந்தால் போதும், பேச்சு அவருக்குப் பளிச்சென்று தெரியும்.

வீட்டில் யாருக்கும் இது தெரியாது.

அவர் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். காது போன முதல் மாதம் சீதாலெட்சுமி அவர் எதிரில் உட்கார்ந்து, “இந்தச் செவிட்டைக் கட்டிக்கிட்டு மாரடிக்கணும்னு என் தலையில எழுதியிருக்கு,” என்று அழுதாள். கொட்டித் தீர்க்கட்டும், பாவம் என்று சும்மா இருந்துவிட்டார். அப்புறம் சொல்ல வெட்கமாகிவிட்டது. அதற்கும் அப்புறம் பயமாகிவிட்டது. தெரிந்தால் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசுவார்கள். இப்போது வைதாலும் முகம் பார்த்து வைகிறார்கள். அதுவும் நின்றுவிட்டால், அந்த வீட்டில் அவருக்கென்று ஒரு சொல்லும் மிஞ்சாது.

ஒன்று மட்டும் அவருக்குக் குழப்பம். “அப்பா” என்றாலும் “அம்மா” என்றாலும் உதடு ஒரே மாதிரிதான் ஒட்டிப் பிரியும். ரமணி அப்படிக் கூப்பிடுவது கண்ணில் படும்போதெல்லாம், தன்னைத்தானோ என்று நிமிர்வார். எப்போதும் அது அம்மாவுக்காகத்தான் இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராதாகிருஷ்ணன் ஒரு நோட்டீஸ் கொண்டுவந்திருந்தான். கிள்ளானில் ஐந்து நாள் இசை, கலை விழா. ஊரிலிருந்து கப்பலில் வந்த நாதஸ்வரக் கோஷ்டி, கரகம், நாடகம், கண்காட்சி எல்லாம் உண்டு. அந்த வீட்டில் ஒருவரும் அதுவரை அப்படி ஒரு விழாவுக்குப் போனதில்லை. நோட்டீஸில் ஒரு தவில் படம் போட்டிருந்தது. கன்னையாவுக்கு எழுத்துத் தெரியாது; ஆனாலும் அதைக் கையில் வாங்கியவர் திருப்பிக் கொடுக்கவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் பத்துமலைத் தைப்பூசத்தில் ஒரு தவில்காரர் அவரை உரசிக்கொண்டு போனார். அந்த அடி காதுக்கு வரவில்லை. நேராக நெஞ்செலும்புக்கு வந்தது. உடம்புக்குள் தாளம் நடந்தது. பத்தடி போனதும் மறைந்துவிட்டது. அன்றிலிருந்து அவருக்கு ஒரே ஓர் ஆசைதான். ஒரு முழுக் கச்சேரி, தவிலுக்குப் பக்கத்தில் ஓர் இடம்.

திங்கட்கிழமையே மஸ்ஜித் இந்தியா கடைத்தெருப் பக்கம் போய்ப் புது வேட்டி வாங்கி வந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் காப்பி குடித்துக்கொண்டே விழாப் பயணத்தைத் திட்டம் போட்டார்கள். கன்னையாவும் கோப்பையோடு நடுவில்தான் உட்கார்ந்திருந்தார்.

“சனிக்கெழமை ரெண்டு மணி ரயிலு,” என்றான் ராதாகிருஷ்ணன். “ரமணிக்குப் பாத்திருக்கற மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கிள்ளான்தான். அப்பா பேரு பழனியப்பன், கப்பல் ரிப்பேர் காண்ட்ராக்ட்டு, சொந்த வீடு. பொம்பளைங்க பக்கம் ரெண்டாவது தூண்கிட்ட அவரு சம்சாரம் ஒக்காரும். பொண்ணைப் பாத்த மாதிரியும் இருக்கும், கச்சேரி கேட்ட மாதிரியும் இருக்கும்.”

“அப்பாவும் வராரா மாமா?” என்றாள் ரமணி.

“நல்லா இருக்கே லா. ஒங்கப்பன் வந்து பந்தல் கிழிய ஆமா மச்சான்னு கத்தினா, செவிட்டு வம்சம்னு அவங்க எழுந்து போயிருவாங்க. ஊருக்குக் கப்பலேறிட்டாருன்னு சொல்லி வச்சிருக்கேன்.”

சீதாலெட்சுமி கொஞ்சம் யோசித்தாள். “புது வேட்டி வாங்கி வச்சிருக்குதேடா.”

“வீணாப் போவாதுக்கா. என்னைக்காவது ஒரு நாள் அதைப் போத்தித்தானே தூக்கணும்.”

“சீ, வாயைக் கழுவு.” ஆனால் வழி சொன்னவள் அவள்தான். “விழா சனியோட முடியுதுல்ல? ஞாயித்துக்கெழமைன்னு காட்டிருவோம். சனிக்கெழமை கிள்ளான்ல ஒரு சாவுன்னு நாம போயிருவோம். மறுநாள் முடிஞ்சு போச்சாம்னு கையை விரிச்சாப் போச்சு.”

சுவரில் தொங்கிய காலண்டரில் ஞாயிற்றுக்கிழமையின் சிவப்பு எண்ணை விரலால் தொட்டுக் காட்டினாள்.

கன்னையா மூன்று பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். “ஞாயித்துக்கெழமையா? சரி, சரி,” என்று சத்தமாகச் சொன்னார்.

“நம்பிட்டாரு மாமா,” என்றாள் ரமணி. அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

செவ்வாயிலிருந்து வெள்ளி வரை கன்னையா தினமும் ஒருவரிடம் கேட்டார். “ஞாயித்துக்கெழமைதானே?” திருத்திச் சொல்ல ஒவ்வொருவருக்கும் ஒரு வாய்ப்புக் கொடுத்தார். மனைவி தலையாட்டினாள். மச்சான் தலையாட்டினான். வெள்ளிக்கிழமை கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ரமணியிடம், அவள் தனியாக இருக்கும் நேரம் பார்த்து, கொடியின் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார். அவள் அவர் கண்ணைப் பார்த்தாள். ஒரு சட்டையை உதறிப் போட்டாள். பிறகு அவளும் தலையாட்டினாள்.

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து அவர் வந்தபோது மூன்று பேரும் புறப்பட்டு நின்றார்கள். சீதாலெட்சுமி நெஞ்சில் கையடித்துக் காட்டி, கிள்ளான் திக்கில் விரலை நீட்டினாள். சாவு வீட்டுக்குப் போகிறவள் பட்டுச் சேலை கட்டியிருந்தாள். ரமணி தலையில் மல்லிகை இருந்தது. புளிச்சோற்று மூட்டையின் வாசனை வாசல் வரை வந்தது. கன்னையா எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டினார். அவர்கள் தெருமுனை திரும்பியதும் குளித்து, புது வேட்டி கட்டிக்கொண்டு, ஸ்டேஷனுக்குப் போய் அடுத்த ரயிலில் ஏறினார்.

கிள்ளான் பந்தலில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே கயிறு கட்டியிருந்தது. கன்னையா கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடையோரம் போய், மேடையைத் தாங்கிய மரத்தூணில் உள்ளங்கையை வைத்து நின்றார். தவில் தொடங்கியது. தூணில் ஏறி, கையில் ஏறி, தாளம் நெஞ்சுக்கு வந்தது. ஒன்பது வருஷம் வெறுமையாய்க் கிடந்த இடத்தில் யாரோ விளக்கேற்றி வைத்ததுபோல் இருந்தது. அவர் கால் கட்டைவிரல் தானாகத் தாளம் போட்டது.

முதலில் பார்த்தவள் ரமணி. அம்மாவின் தொடையைக் கிள்ளினாள். இருவரும் எழுந்து கயிற்றருகே போக, ஆண்கள் பக்கத்திலிருந்து ராதாகிருஷ்ணன் ஓடிவந்தான். நாதஸ்வரமும் தவிலும் காதைப் பிளந்தன. யாருக்குக் கேட்கப்போகிறது என்ற தைரியத்தில் மூவரும் பேசினார்கள்.

“அக்கா, செவிட்டுப் பொணம் எப்படி மோப்பம் புடிச்சு வந்துச்சு?”

“யாரு கேட்டாலும் நமக்குத் தெரியாத ஆளுன்னு சொல்லிருடா.”

“நான் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டேம்மா,” என்றாள் ரமணி.

கன்னையா தூணிலிருந்து கையை எடுத்துவிட்டு அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அந்தப் பேச்சைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர் மட்டுமில்லை. முப்பதடி தள்ளி, ஆண்கள் பக்கத்தில், நரைத்த மீசையோடு ஒருவர் நின்றிருந்தார். அவர்தான் மாப்பிள்ளையின் தகப்பனார் பழனியப்பன். காண்ட்ராக்ட் எடுக்குமுன் அவரும் பதினைந்து வருஷம் பாய்லருக்குள் உட்கார்ந்தவர். ராதாகிருஷ்ணன் அவருடைய வீட்டைப் பற்றி விசாரித்தானே தவிர, பழைய வேலையைப் பற்றி விசாரிக்கவில்லை.

பட்டறைக்காரனுக்குப் பட்டறைக்காரனைத் தெரியும். காதைத் திருப்பாமல் கண்ணைத் திருப்புகிறவன் அவன். பழனியப்பன் கையை உயர்த்தினார். குரலில்லாமல் உதட்டை அசைத்தார்.

“எந்தப் பட்டறை?”

“செந்தூல்,” என்றது கன்னையாவின் உதடு.

“உள்ளயா, வெளியவா?”

“உள்ள.”

“நானும் உள்ளதான். ஒரு காது போச்சு.”

“எனக்கு ரெண்டும்.”

“கயித்துக்கிட்ட நிக்கறாங்களே, அவங்க ஒங்களுக்கு என்ன வேணும்?”

கன்னையா கயிற்றுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு உதடு அசைந்தது. “என் பொஞ்சாதி. என் மக. மச்சான்.”

“அவங்க இப்ப பேசினது...”

“தெரியும். ஒம்பது வருஷமாத் தெரியும்.”

அவ்வளவு முழக்கத்துக்கு நடுவில், முப்பதடி இடைவெளியில், இரண்டு பேர் மாறி மாறி வாயசைப்பதைச் சீதாலெட்சுமி பார்த்தாள். ஒருவர் நிறுத்த மற்றவர் தொடங்கினார். முதலில் புரியவில்லை. புரிந்தபோது அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டாள்.

தவில் ஓய்ந்த இடைவேளையில் பழனியப்பன் கயிற்றருகே வந்தார்.

“ஊருக்குக் கப்பலேறினவரு சீக்கிரமே திரும்பிட்டாரு போல.”

ராதாகிருஷ்ணன் வாய் குழறியது. “இல்லண்ணே, அது வந்து...”

“இருங்க தம்பி. சம்பந்தி செவிடா இருந்தா எனக்கு ஒண்ணுமில்ல, எனக்கும் பேச்சுத்தொணை ஆச்சு. பொண்ணுக்குத்தான் காது ரொம்ப நல்லாக் கேக்குது. ஒம்பது வருஷம் இத்தனையும் கேட்டுக்கிட்டு, தானும் சேந்து பேசியிருக்கு. நாளைக்கு எனக்கு மிச்சக் காதும் போயிரும். அப்ப என் எதிர்ல நின்னு அது என்ன பேசும்? வேற எடம் பாருங்க.”

கன்னையா கச்சேரி முடியும்வரை இருந்தார். இரண்டாம் பாதியில் தூணைத் தொடவில்லை.

திரும்பும் ரயிலில் ராதாகிருஷ்ணன் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டான். கன்னையா ஜன்னலோரம் உட்கார்ந்தார். எதிர்ப் பலகையில் தாயும் மகளும். ரயில் பத்து தீகா ஸ்டேஷனைத் தாண்டியது. பிறகு ரமணி, “அப்பா,” என்றாள்.

அவர் அவள் உதட்டைப் பார்த்தார். சீதாலெட்சுமியின் முழங்காலைத் தட்டி, “ஒன்னத்தான் கூப்புடுது,” என்று பெட்டி முழுவதும் கேட்கச் சொன்னார்.

சீதாலெட்சுமிக்கு எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. போன வருஷம் அவர் காய்ச்சலாய்க் கிடந்தார். கஞ்சி ஊட்டிக்கொண்டே முகத்துக்கு நேராகச் சொன்னாள், “போய்ச் சேந்தாத்தான் என்ன, எனக்காவது விடியும்.” அவர் சிரித்தார். அடுத்த கரண்டிக்கு வாயைத் திறந்தார்.

சீதாலெட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தலை குனிந்து விம்மினாள். “என்னை மன்னிச்சிருங்க. தெரியாமப் பேசிட்டேன். பாவி நான், மன்னிச்சிருங்க.”

கன்னையாவுக்குத் தெரிந்தது ஒரு சேலைத் துணி மட்டும்தான்.

ரமணி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். “ஏம்மா, வையறப்ப எல்லாம் அவரு மூஞ்சியப் பாத்து நேரா வஞ்சோம். மன்னிப்புக் கேக்கறப்ப மட்டும் மறைச்சுக்கிட்டா, அது அவருக்கு எப்படிப் போய்ச் சேரும்?”

முந்தானை இறங்கியது. சீதாலெட்சுமி நிமிர்ந்து, அவர் முகத்துக்கு நேராக, “என்னங்க...” என்றாள்.

கன்னையா அந்த உதட்டை ஒரு கணம் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். கோலாலம்பூர் ஸ்டேஷன் வரை திறக்கவில்லை. அன்றுதான் அவர் உண்மையிலேயே செவிடானார்.

கண்ணுகளா, நான் சொல்ல வந்தது இதுதான். காது கேளாதவர் எதிரில், வாய் பேசாதவர் எதிரில், படுக்கையில் கிடப்பவர் எதிரில், அவர்கள் அங்கே இல்லாததுபோல் பேசாதீர்கள். நீங்கள் பேசியது ஏதோ ஒரு வழியாக அவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதைத் திருப்பி வாங்க நீங்கள் போகிற அன்று, அந்த வழி மூடியிருக்கும்.