நிறம் மங்கிய மின்விசிறிகள்

ஊகத்தின் காலம் முடிந்தது, இனி இந்த நிறுவனத்தில் தரவு மட்டுமே பேசும் என்று மேலாளர் அறிவித்தார். அறிவித்த கையோடு, "எப்படியும் ஒரு நாப்பது பேர் வந்திருப்பீங்க" என்றார். பயிற்சிக்கு வந்திருந்தது இருபத்திரண்டு பேர்.

கடைசி வரிசையில் புகார்ப் பிரிவு அக்கா கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தாள். மின்விசிறி வாங்கியவர்களின் வசவைப் பதினெட்டு வருடமாகப் போனில் வாங்கிக்கொள்கிறவள். ஒவ்வொரு வசவுக்கும் திரையில் ஒரு காரணத்தைத் தட்ட வேண்டும். இன்றைய தேர்வில் தேறாதவர்களுக்குக் கிடங்குக்கு மாற்றல். கிடங்கு இரண்டு பஸ் தூரம். வீடோ பக்கத்துத் தெரு. படுக்கையில் கிடக்கும் மாமியாருக்கு மதியம் போய்ச் சோறு ஊட்ட அவளை விட்டால் ஆளில்லை.

கோட்டுப் போட்ட பயிற்சியாளர் வட்டப்படம் ஒன்றைக் காட்டி, "இது நம்மகிட்ட பேசுது, கேக்குதா?" என்று உருகினார். நூற்றுக்கு எழுபத்தொரு புகார், நிறம் மங்கிவிட்டது என்று. அதை நம்பித் தொழிற்சாலையில் பெயிண்டையே மாற்றிவிட்டார்களாம். மேலாளருக்குக் கேடயம்கூடக் கொடுத்தார்களாம்.

அந்த எழுபத்தொன்று எப்படி வந்தது என்று அக்காவுக்குத் தெரியும். காரணப் பட்டியலில் முதல் வரி நிறம். சத்தம், சூடு, இறக்கை எல்லாம் கீழே இழுத்தால்தான் தெரியும். இழுப்பதற்குள் அடுத்த போன் அடித்துவிடும். பிரிவில் எட்டுப் பேரும் முதல் வரியைத் தட்டிவிட்டுப் போனை எடுப்பார்கள்.

தேர்விலும் அதே படம். இதிலிருந்து தெரிவது என்ன? 'படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது' என்ற விடையைத் தட்டினாள். தேற அறுபது வேண்டும். வந்தது ஐம்பத்தாறு.

பயிற்சியாளரிடம் போய் முதல் வரியைத் தட்டும் கதையைச் சொன்னாள். அவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார்.

"நீங்க சொல்றதுதான் சரிக்கா."

"அப்ப மார்க்கைப் போடுங்க தம்பி."

"நான் எங்க போடுறது? மெஷின் திருத்துது. விடை குடுத்தது உங்க மேலாளர்."

"பெயிண்டை மாத்தினாங்களே, புகார் கொறஞ்சுதா?"

"ஏறியிருக்கு. அதனால இன்னும் ஒசத்தி பெயிண்டா பாக்குறாங்க."

"வெளங்கிடும்."

இன்னொரு தடவை எழுதலாம் என்றார். மணி பன்னிரண்டரை. மாமியாருக்குப் பசி வந்திருக்கும். உண்மைக்காக மல்லுக்கட்ட உடம்பில் தெம்பில்லை. நிறம் என்று தட்டினாள். அறுபத்துநான்கு.

மாற்றல் பட்டியலிலிருந்து பெயரை எடுக்க மேலாளர் கையெழுத்து வேண்டும். "பாஸாமே, சந்தோஷம்மா" என்றவர் பேனாவைத் திறக்கவில்லை. கதவைச் சாத்தச் சொன்னார்.

"நானும் எழுதியாகணுமாம். ரெண்டு தடவை போச்சு."

"விடை குடுத்ததே நீங்கதானே சார்?"

"அது ஆள் வெச்சு எழுதினதும்மா."

அக்கா அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, இந்தத் தடவை எல்லாக் கேள்விக்கும் மேலாளருக்குப் பிடிக்கிற விடையாகப் பார்த்து, அவர் பெயரில் எழுதினாள். கால் மணி நேரம் ஆனது. அவர் கையெழுத்துப் போட்டார். நிறுவனத்திலேயே அதிக மதிப்பெண், தொண்ணூற்றிரண்டு, மேலாளருடையது.