மிளகு அம்மா

என் வீட்டுக்காரருக்கு வாயில் எதுவும் நிற்காது. போன மாதம் ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "பாவம், மிளகு அம்மாவுக்கு இன்னைக்கு ஒரே ஜலதோஷம்" என்றார்.

மிளகு எங்கள் வீட்டு நாய். அதற்கு அம்மா நான்தான். எனக்கு ஜலதோஷம் எதுவும் இல்லை.

"எந்த மிளகு அம்மாவுக்கு?" என்றேன்.

கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. "அது ஒண்ணும் இல்ல. பார்க்குல அப்படித்தான் கூப்பிடுவாங்க."

விஷயம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. அவருக்கு மதிய ஷிப்ட் என்பதால் காலையில் மிளகைப் பூங்காவுக்குக் கூட்டிப்போவது அவர் வேலை. அது நாய்களுக்கென்றே வேலி போட்ட பூங்கா. உள்ளே போனதும் கயிற்றைக் கழற்றி விட்டுவிட வேண்டும். அங்கே நாய்க்குத்தான் பெயர், மனிதர்களுக்குக் கிடையாது. பஸ் ஓட்டுகிறவர் ப்ரூனோ அப்பா. கைக்குள் அடங்கும் ஒரு குட்டி நாய்க்கு டைகர் என்று பெயர் வைத்திருக்கும் டீச்சர், டைகர் அம்மா. ஒரு பெண்ணின் நாய் போன வருஷம் செத்துவிட்டது. அவள் வருவதை நிறுத்தவில்லை. தினம் ராத்திரி ஷிப்ட் முடிந்து காலையில் நேராக வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பாளாம். நாய் போனதும் அவள் பெயரும் போய்விட்டது. மிளகு அவள் காலடியில் போய்ப் படுக்க ஆரம்பித்ததும் யாரோ ஒரு புண்ணியவான் மிளகு அம்மா என்று கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது.

"நீங்க மிளகு அப்பா, அவ மிளகு அம்மா. ஜோடிப் பொருத்தம் பிரமாதம்."

"ஐயே, நீ ஒண்ணு. அந்தப் பொண்ணு என்னை அண்ணேன்னுதான் கூப்பிடுது."

"அப்போ நான் யாரு? மிளகுக்குச் சமைச்சுப் போடறவளா?"

அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் கற்றுக்கொண்ட ஒரே வித்தை அது.

எனக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? மிளகைக் கண்டெடுத்தவள் நான். நான் வேலை செய்யும் சலவைக்கூடத்தின் பின்பக்கம், சுடுகாற்றுக் குழாய்க்குக் கீழே, கண் திறக்காமல் கிடந்தது. துண்டில் சுற்றி மடியில் போட்டு, பஞ்சை நனைத்து நனைத்துப் பால் ஊட்டினேன். ராத்திரி முழுக்க என் நெஞ்சின்மேல் படுத்துக் கிடந்த சின்னக் கறுப்பு உருண்டை அது. இப்போது பொழுது விடியுமுன் நான் வேலைக்கு ஓட வேண்டியிருக்கிறது. அதற்குள் எவளோ ஒருத்தி பெஞ்சில் உட்கார்ந்தபடியே அம்மாவாகிவிட்டாள்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஹோட்டல் துணிகளைத் துவைத்துக் கொடுக்கும் கூடத்தில் யூனிபாரம் பிரிவு என் பொறுப்பு. ஒவ்வொரு கோட்டிலும் காலருக்கு உள்ளே சிவப்பு நூலால் எண் தைத்திருக்கும், தைத்தது நானேதான். துவைத்து, கடைசி அலசலில் வாசனைத் தண்ணீர் விட்டு, இஸ்திரி போட்டு அனுப்புவேன். மற்றதெல்லாம் ஒழுங்காக வரும். முப்பத்தொன்றாம் எண் கோட்டு மட்டும் நாய் முடியோடுதான் வரும். சந்தன நிறத் துணியில் கறுப்பு முடி பளிச்சென்று தெரியும். எவளோ ஒரு சீமாட்டி நாயைக் கட்டிக்கொண்டு தூங்குகிறாள் என்று திட்டிக்கொண்டே பிரஷ் போட்டு எடுப்பேன்.

இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் விடிகாலையில் கூடத்தில் பாய்லர் மக்கர் செய்தது. இன்றைக்கு எல்லோரும் வீட்டுக்குப் போங்கள் என்றார் மேனேஜர். பேருந்தைப் பிடித்து வீட்டுக்கு வந்து, கட்டிலில் கிடந்தவரிடம், "நீங்க தூங்குங்க. இன்னைக்கு நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

மனிதருக்குத் தூக்கம் போன இடம் தெரியவில்லை. "நானும் வரேனே?"

"வேண்டாம்."

பூங்காவுக்கு அடுத்தடுத்து இரண்டு கதவுகள். வெளிக்கதவைச் சாத்தியபின்தான் உள்கதவைத் திறக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பலகை: கயிற்றை இங்கேயே கழற்றவும். படித்தேன். படிக்கத் தெரியாதவளா நான்? ஆனால் கை கொக்கிக்குப் போக மாட்டேன் என்றது. கழற்றிவிட்டால் இது நேராக அவளிடம் ஓடும். அத்தனை பேர் முன்னால், என் கண் எதிரிலேயே ஓடும். அதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தேன்? கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு உள்ளே போனேன்.

நான் செய்த முட்டாள்தனம் உடனே தெரிந்தது. அவிழ்ந்து திரிகிற நாய்களுக்கு நடுவே கட்டுண்ட நாய் ஒன்று வந்தால் அதற்கு ஓடவும் முடியாது, விலகவும் முடியாது. நாலா பக்கமிருந்தும் எல்லாம் ஓடிவந்து மோந்தன. மிளகு வாலைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு பல்லைக் காட்டியது. நான் இழுத்தேன். இழுக்க இழுக்க அதன் உறுமல் கூடியது. கன்றுக்குட்டி சைஸில் இருந்த ப்ரூனோ ஒரு தரம் குரைத்ததும் மிளகு அதன் காதைக் கவ்விவிட்டது. ஒரே அமர்க்களம்.

"கயிறக் கழட்டுங்கம்மா!" என்று பஸ் ஓட்டுகிறவர் ஓடிவந்தார்.

"நீங்க யாரு? நாயைப் பாத்துக்க ஆள் வெச்சிருக்காங்களா?" என்று டைகரைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு டீச்சர் கேட்டாள். "மிளகு அம்மா! இங்க சீக்கிரம் வாங்க!"

கூப்பிட்டது என்னை அல்ல. பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து வந்தாள். முப்பது வயதுக்குமேல் இருக்கும், தூக்கமில்லாத கண்கள், ஹோட்டல் யூனிபாரம். சத்தமே போடாமல் மண்ணில் மண்டியிட்டாள்.

"அக்கா, பயப்படாதீங்க. கயித்த மட்டும் தளர்த்துங்க. அது ஒண்ணும் செய்யாது."

தளர்த்தி, கொக்கியையும் கழற்றினேன். வேறென்ன செய்வது? கொக்கி கழன்றதும் மிளகு ப்ரூனோவை விட்டுவிட்டது. ஒரு வட்டம் ஓடி உடம்பை உதறிக்கொண்டது. பிறகு, எதைப் பார்க்கக் கூடாது என்று பயந்தேனோ அதையே செய்தது. அவளிடம் போய் இரண்டு முன்னங்கால்களையும் தோளில் போட்டு, கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. நான் வெறும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் முடியைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது.

மிளகு காலைப் போட்ட வேகத்தில் அவள் காலர் மடங்கியது. உள்ளே சிவப்பு நூல். முப்பத்தொன்று.

அடிப்பாவி! அத்தனை மாதமாக என் பிள்ளையின் முடியைத்தான் பிரஷ் போட்டு எடுத்துக் குப்பையில் கொட்டிக்கொண்டிருந்தேனா? கோபத்தில் காது அடைத்தது. அந்தக் கோபத்திலேயே சட்டென்று ஒன்று தோன்றியது. குனிந்து அவள் தோள்பக்கம் மோந்து பார்த்தேன். டீச்சர் என்னைப் பைத்தியம் என்றே முடிவு கட்டியிருப்பாள். அது என் வாசனைத் தண்ணீர். ராத்திரி மிளகு தலை வைத்துப் படுக்கும் என் கையில் அடிக்கிற அதே வாசனை.

"நான்தாம்மா மிளகோட அம்மா" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "இந்தக் கோட்டைத் துவைக்கிறதும் நான்தான். அந்த எண் என் கையால தச்சது. உங்ககிட்ட என் வாசனை அடிக்குது. அதான் இது உங்ககிட்ட வருது."

அவள் கோட்டின் கையை மூக்கருகே கொண்டுபோனாள். முகம் சுருங்கிவிட்டது.

"அப்படியாக்கா? அப்போ இது எனக்காக வரலையா?"

பொய் சொல்வானேன், எனக்கு உள்ளே குளுகுளுவென்றிருந்தது.

அவள் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டாள். "நீங்கதானேக்கா அம்மா. இவங்கதான் தெரியாம கூப்பிட்டுட்டாங்க. நான் வேணா சித்தியா இருந்துக்கறேன்."

"சித்தியா? அந்தக் கதையே வேண்டாம். அத்தையா இருங்க. அவருக்குத் தங்கச்சி முறை."

பஸ் ஓட்டுகிறவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவளும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. கிளம்பும்போது நான் கூப்பிட்டதும் மிளகு வந்தது, சமர்த்தாகக் கழுத்தைக் காட்டியது. தெருமுனை திரும்பும்வரை அது திரும்பித் திரும்பிப் பார்த்ததை நான் கவனிக்காதது போல நடந்தேன்.

மறுநாள் பாய்லர் சரியாயிற்று. அழுக்குத் துணி மூட்டையை அவிழ்த்ததும் முப்பத்தொன்றை மட்டும் தனியே எடுத்தேன். வாசனைத் தண்ணீர் கிடையாது. வெறும் தண்ணீரில் அலசினேன், போதாதென்று மறுபடியும் அலசினேன். மோந்து பார்த்தேன். துணி வாசனை தவிர ஒன்றும் இல்லை. இஸ்திரி மட்டும் ஒரு சுருக்கம் இல்லாமல் போட்டேன், என் வேலையில் குறை சொல்ல விடமாட்டேன். இனி மிளகு அவளிடம் போகட்டும் பார்க்கலாம் என்று வண்டியில் ஏற்றி அனுப்பினேன்.

அதை அவள் போட்டிருப்பாள் என்று கணக்குப் போட்ட அன்று ராத்திரி, வீட்டுக்காரர் வந்து உட்காருவதற்குள் கேட்டேன்.

"இன்னைக்குப் பார்க்குல எப்படி?"

"எல்லாம் நீ சொன்னபடிதான். அவளை எல்லாரும் மிளகு அத்தைன்னுதான் கூப்பிடறாங்க."

"அதைக் கேக்கல. மிளகு என்ன செஞ்சுது?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். இந்த ஒரு தடவையாவது பொய் சொல்லியிருக்கலாம்.

"எப்பவும் போலத்தான். கதவைத் திறந்ததும் ஒரே ஓட்டம். அவ மேல ஏறி விழுந்து, முகமெல்லாம் நக்கி... அவளும் சும்மா இல்ல, கோட்டுக் கைய மோந்து மோந்து பாத்துட்டு, அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதுட்டா. என்ன ஆச்சுன்னே தெரியல."

எனக்குத் தெரிந்தது. வாசனையெல்லாம் ஒன்றும் இல்லை. அதற்கு அவளைப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். மிளகு வந்து வழக்கம்போல என் பாதத்தின்மேல் தாடையை வைத்துப் படுத்தது. காலை உதறிவிடலாமா என்று நினைத்தேன். உதறவில்லை.

அடுத்த மூட்டையில் முப்பத்தொன்று வந்தது. தோளெல்லாம் கறுப்பு முடி. துவைத்து, வாசனைத் தண்ணீர் விட்டு அலசி, பிரஷை எடுத்தேன். திட்டிக்கொண்டேதான் ஒவ்வொன்றாக எடுத்தேன். காலருக்கு உள்ளே, சிவப்பு எண்ணுக்குப் பக்கத்தில், ஒரே ஒரு முடி தையலில் சிக்கிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது. ஊசியை எடுத்து நெம்பினால் வந்துவிடும். சரி, இருந்து தொலை என்று அப்படியே மடித்து வைத்தேன்.