கைப்பழக்கம்

என் அக்கா புருஷனோடு நான் பேசி ஐந்து மாதமாகியிருந்தது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. சொந்த மச்சான் பட்டறை வைத்திருக்கும்போது, தன் ஜீப்புக்கு பிரேக் போட வேறு பட்டறைக்குப் போனார். கேட்டால், "அவன் ஸ்பேனரைப் பிடிக்கிறதைவிட பீடியைப் பிடிக்கிறதுதான் அதிகம்"னு நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

அந்த ஜீப் என்னைவிட வயதில் மூத்தது. கல்குவாரிக்கு ஆள் ஏற்றிப்போகிற வேலை. ஸ்டியரிங்கை அசைக்க மாடு மாதிரி மல்லுக்கட்ட வேண்டும். கால்வாசி சுற்று சும்மா ஆடும், அதற்குப் பிறகுதான் சக்கரம் திரும்பும். இருபது வருடம் ஓட்டியதில் மாமாவின் தோள்பட்டை தேய்ந்தது. அக்காதான் வேறொரு டிரைவரை வைத்து வண்டியை என் பட்டறைக்குக் கொண்டுவந்தாள்.

"பவர் ஸ்டியரிங் மாட்டிக் குடுடா. ராத்திரியெல்லாம் வலியில முனகுறாரு."

மாட்டினேன். உடைக்க வந்த ஒரு புது மாடல் வண்டியிலிருந்து ஸ்டியரிங் பம்பையும் பெட்டியையும் கழற்றி, தாங்கி வெல்டிங் செய்து, பெல்ட் போட்டேன். முன்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, எண்ணெயில் குமிழி அடங்கும்வரை ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினேன். ஒரு விரலால் திரும்பியது. ஆட்டம் துளியும் இல்லை.

அங்கேதான் ஆபத்தே. ஆட்டத்துக்குப் பழகிய கை, வளைவு வருமுன்பே கூடுதலாகத் திருப்பிவிடும். அதனால் பவர் ஸ்டியரிங் மாட்டிக்கொள்கிற எவரையும், இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து வெறும் மைதானத்தில் ஓட்டவிடுவேன். முன்பின் தெரியாதவர்களுக்குக்கூடச் செய்திருக்கிறேன். மாமாவுக்குச் செய்யவில்லை. சாவியை அக்காவிடம் கொடுத்தனுப்பினேன். வேண்டுமானால் அவரே வந்து வாயைத் திறந்து கேட்கட்டும் என்று இருந்துவிட்டேன். பாழாய்ப்போன வீம்பு.

மூன்றாம் நாள் காலை, குவாரி ஏற்றத்தில், எதிரே லாரி. மாமா ஓட்டிய ஜீப் பள்ளத்தில் இறங்கியது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்த குவாரி சர்வேயர் அந்த இடத்திலேயே போய்விட்டார். மாமாவுக்கு இடுப்பு நொறுங்கியது. டிரைவர் தூங்கிவிட்டான் என்று குவாரியில் எழுதிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி நடையில் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"வேற யார்கிட்ட சொன்னே?"

"உங்கிட்டதான்."

"அதோட நிறுத்திக்கோ. அவரு இனிமே எந்திரிச்சு நடப்பாரான்னே தெரியல. உன் பட்டறையும் போச்சுன்னா நான் பிள்ளைங்களோட எங்க போய் நிக்கிறது?"

"மாமாகிட்டயாவது சொல்லிடறேங்க்கா."

"அவரு வாயில எது நின்னிருக்கு? பேசாம இரு."

உள்ளே போனோம். மாமா என்னைப் பார்த்ததும் கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன்.

"மாப்ள, நான் தூங்கலடா. ஒருத்தனும் நம்ப மாட்டேங்குறான். எப்பவும் திருப்புற மாதிரிதான் திருப்பினேன். மாட்டினவன் நீ. வண்டியில ஏதாவது கோளாறாடா?"

அக்கா அவர் முகத்தைத் துடைப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"வண்டியில ஒரு குறையும் இல்ல மாமா."

சொன்னது பொய்யில்லை. அவர் கூரையைப் பார்த்தார். அந்த வளைவை மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருப்பார்.

"அப்ப கண்ணசந்துதான் இருக்கேன் போல," என்றார் கடைசியில். "எனக்கே தெரியல பாரு."

பத்து நாள் கழித்து சர்வேயரின் மனைவி வந்தாள். கட்டில் பக்கத்தில் வந்து நின்றாள். மாமா படுத்தபடியே இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

"தூங்கிட்டேம்மா," என்றார். "நான்தாம்மா தூங்கிட்டேன்."